'கல்லு மாதிரி' காற்று அடிக்காதீங்க! கியர் சைக்கிள் டயரில் கவனிக்க வேண்டியவை

போன வருஷம் மே மாத விடுமுறை. வேலூரிலிருந்து ஏலகிரிக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகன், "என் சைக்கிளையும் எடுத்துட்டு வர்றேன்பா" என்று ஒற்றைக்காலில் நின்றான். பிறந்த நாளுக்கு வாங்கிக் கொடுத்த எம்.டி.பி. கியர் சைக்கிள் அது. காரின் பின்னால் கட்டி எடுத்துக்கொண்டோம். வழியில் ஒரு டயர் கடையில் நிறுத்தி, "காற்று அடிச்சிடுங்க" என்றேன். கடைக்காரர் டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தார். 65 என்று இருந்தது. 65 அடித்தார். நானும் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் காலை நிலாவூர் பக்கம் ஒரு மண்பாதையில் இறக்கம். பாதை முழுக்கக் குருணைக் கல். மகன் வேகமாகக்கூடப் போகவில்லை. வளைவில் முன் சக்கரம் சர்ரென்று வழுக்கியது. அடுத்த நொடி அவன் தரையில் கிடந்தான். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

'சின்னப் பையன், பிரேக்கைத் தப்பாப் பிடிச்சிருப்பான்' என்றுதான் நானும் நினைத்தேன். வீடு திரும்பியதும் எங்கள் தெரு சைக்கிள் கடை பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நாற்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவர். அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. முன் டயரில் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி எவ்வளவு வெயிட் சார் இருப்பாரு?" என்று கேட்டார். "45 கிலோ" என்றேன். "45 கிலோ ஆளுக்கு எதுக்கு சார் இவ்வளவு காத்து?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் சைக்கிள் டயரைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இன்று தெருவுக்குப் பத்து வீட்டில் கியர் சைக்கிள் நிற்கிறது. கியரைப் பற்றி, டிஸ்க் பிரேக்கைப் பற்றிப் பேசுகிறோம். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே பொருளான டயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் மகனின் மணிக்கட்டைக் கொடுத்துக் கற்றுக்கொண்டதை, நீங்கள் செலவில்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

அந்த எண் சிபாரிசு அல்ல, எல்லை!

டயரின் பக்கவாட்டில் 'மேக்ஸ் 65 பிஎஸ்ஐ' என்று எழுதியிருந்தால், 'இதற்கு மேல் அடிக்காதே' என்று அர்த்தம். 'இவ்வளவு அடி' என்று அர்த்தம் இல்லை. லிஃப்ட்டில் 'அதிகபட்சம் 8 பேர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எட்டுப் பேர் சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லையே!

சில டயர்களில் 'மினிமம் 40 - மேக்ஸிமம் 65' என்று இரண்டு எண்களும் இருக்கும். அப்படி இருந்தால் நமக்கான அளவு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். 40-க்குக் கீழேயும் போகக் கூடாது. சில பிராண்டுகள் 'பார்' என்ற அளவில் எழுதியிருக்கும். ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. 2 பார் என்றால் 29 பிஎஸ்ஐ என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சரி, காற்று அதிகமானால் ஏன் வழுக்குகிறது? கணக்கு ரொம்ப எளிது. சைக்கிளின் எடையைத் தாங்குவது டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாகக் கிடைத்துவிடும். மகன் 45 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 60. இதில் பத்தில் நான்கு பங்கு, அதாவது 24 கிலோ, முன் சக்கரத்தின் மேல். 65 பிஎஸ்ஐ-யில் அந்த முன் டயர் தரையைத் தொடும் இடம் கிட்டத்தட்ட ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அளவுதான்! அந்த ஒரு நாணயத்தை நம்பித்தான் அவன் குருணைக் கல்லில் வளைந்திருக்கிறான். அதையே 25 பிஎஸ்ஐ-க்கு இறக்கினால், தொடும் இடம் இரண்டு நாணயங்களைவிட அதிகமாகிவிடும்.

பரப்பு மட்டுமல்ல. காற்று சற்றுக் குறைவாக இருக்கும் டயர், சின்னக் கல்லின் மேல் ஏறும்போது நெளிந்து கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். கல்லு மாதிரி இருக்கும் டயர், கல்லைப் பார்த்தால் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் தரையில் இல்லை. தரையில் இல்லாத டயருக்கு பிரேக்கும் இல்லை, வளைவும் இல்லை.

'காற்று குறைந்தால் மிதிக்கக் கஷ்டமாச்சே' என்பீர்கள். வழவழப்பான தார் ரோட்டில் அது உண்மை. கரடுமுரடான மண்பாதையில் அப்படி இல்லை. அங்கே துள்ளித் துள்ளிப் போவதிலேயே நம் சக்தி வீணாகிறது. அளவான காற்றோடு போனால் வேகமும் குறைவதில்லை, இடுப்பும் தப்பிக்கிறது.

தாத்தா சொன்னதும் சரிதான்!

'காற்று கல்லு மாதிரி இருக்கணும்' என்ற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? தாத்தாவின் கறுப்பு சைக்கிளிலிருந்து. அதில் இருப்பது 28 x 1½ டயர். ஒன்றரை அங்குல அகலம்தான். கேரியரில் அரிசி மூட்டை, முன்பாரில் பேரன். ஒல்லி டயருக்கு உள்ளே இடம் குறைவு. அதனால் அழுத்தம் அதிகம் இருந்தால்தான் அத்தனை எடையையும் தாங்கும். அந்த டயருக்குக் கட்டைவிரல் சோதனை பொருத்தமானது.

எம்.டி.பி. சைக்கிளின் கதை வேறு. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மரின் கவுண்டி என்ற பகுதியில் சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களை மலைக்குத் தூக்கிக்கொண்டுபோய், மண்பாதையில் வேகமாக இறங்கிப் பந்தயம் விட்டார்கள். 1976-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து, பின் சக்கர மையத்தில் இருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் புதிதாக கிரீஸ் நிரப்ப வேண்டும். அதனால் வந்த பெயர் அது. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், டாம் ரிட்சி, சார்லி கெல்லி போன்றவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். அவர்கள் தேடிப் பிடித்து ஓட்டிய பழைய சைக்கிள்களில், ஷ்வின் நிறுவனம் 1933-ல் கொண்டுவந்த பலூன் டயர் வகை இருந்தது. இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம். 26 அங்குல அளவு. மலைப்பாதைக்கு அந்தக் குண்டு டயர்தான் தாங்கியது. அதனால்தான் எம்.டி.பி. என்றாலே பல வருஷங்களுக்கு 26 அங்குலம் என்று ஆனது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயமும் சேர்க்கப்பட்டது.

அதாவது, இந்த சைக்கிள் பிறந்ததே குண்டு டயரை நம்பித்தான். குண்டு டயருக்குள் காற்றின் கொள்ளளவு அதிகம். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே நம் எடையைத் தாங்கும். நாம் குண்டு டயரை வாங்கிவிட்டு, ஒல்லி டயருக்கான பழக்கத்தில் காற்று அடித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களுக்கு எவ்வளவு?

2.1 முதல் 2.25 அங்குல அகல டயர், உள்ளே டியூப், ஓட்டுவது பெரும்பாலும் மண்பாதை. இப்படி வைத்துக்கொண்டால் கீழே உள்ள அளவுகளில் தொடங்கலாம். எடை என்பது ஓட்டுபவரின் எடை.

- 40 முதல் 50 கிலோ: முன் சக்கரம் 22-25 பிஎஸ்ஐ, பின் சக்கரம் 25-28
- 50 முதல் 65 கிலோ: முன் 25-27, பின் 28-30
- 65 முதல் 80 கிலோ: முன் 27-30, பின் 31-34
- 80 முதல் 95 கிலோ: முன் 31-34, பின் 35-38

டயர் 1.95 அங்குலம் என்றால் இதோடு 3 அல்லது 4 பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள். பள்ளிக்கும் கடைக்கும் தார் ரோட்டில் மட்டும்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் 8 முதல் 10 வரை கூட்டலாம். முதுகில் புத்தகப் பை, கேரியரில் சுமை இருந்தால் அதையும் எடைக் கணக்கில் சேர்க்க வேண்டும். உங்கள் டயரில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச அளவு இதைவிட அதிகம் என்றால், டயரில் இருப்பதுதான் சட்டம்.

பின் சக்கரத்துக்கு எப்போதும் சில புள்ளிகள் அதிகம். நாம் உட்காரும் எடையில் பெரும் பங்கு அங்கேதான் விழுகிறது. முன் சக்கரம் சற்று மென்மையாக இருந்தால் வளைவில் நன்றாகப் பிடிக்கும். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான்.

இது தொடக்க அளவுதான். அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது, வழக்கமாக ஓட்டும் ஒரே பாதையில் மூன்று நான்கு முறை ஓட்டிப் பார்ப்பது. சைக்கிள் துள்ளினால், வளைவில் வழுக்கினால் 2 பிஎஸ்ஐ குறையுங்கள். ரிம்மில் 'டங்'கென்று கல் இடிக்கும் சத்தம் கேட்டால், வளைவில் டயர் மடங்குவது போலத் தோன்றினால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். பிடித்த அளவு கிடைத்ததும் ஒரு சீட்டில் எழுதி பம்ப்பிலேயே ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டு பம்ப்பில் '24 - 27' என்று ஒட்டியிருக்கிறது.

குறைத்தாலும் ஆபத்து

இந்த இடத்தில் இன்னொரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கட்டுப் பிரித்து, ஜூலையில் மகன் மறுபடி சைக்கிளைத் தொட்டபோது, எனக்கிருந்த பயத்தில் காற்றை 15-க்கு இறக்கிவிட்டேன். 'குறைவு என்றால் நல்லது, இன்னும் குறைவு என்றால் இன்னும் நல்லது' என்ற கணக்கு! பாலாற்றங்கரைப் பாதையில் ஒரு கூர்மையான கல்லில் ஏறியதும் பின் டயர் உஸ்ஸென்று இறங்கியது.

பாய் டியூபைத் தண்ணீரில் முக்கிக் காட்டினார். அருகருகே இரண்டு ஓட்டைகள். பாம்பு கடித்தது போல. முள் குத்தினால் ஓட்டை ஒன்றுதான் இருக்கும். இப்படி இரட்டை ஓட்டை என்றால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். ரிம்மின் விளிம்பும் உள்வாங்கியிருந்தது. டியூபை ஒட்டிவிடலாம், ரிம்மை அப்படி முடியாது. அதன் செலவு என் கணக்கில் ஏறியது.

ஆக, அதிகமும் ஆபத்து, குறைவும் ஆபத்து. நடுவில் இருக்கும் ஏழெட்டுப் புள்ளிகளுக்குள்தான் நம் அளவு இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் கண்டுபிடிக்க முடியாது. குண்டு டயரில் 25-க்கும் 35-க்கும் வித்தியாசத்தை விரல் சரியாகச் சொல்வதில்லை. கேஜ் வைத்த கால் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் ஒரே கட்டாயச் செலவு.

பெட்ரோல் பங்க்கில் கவனம்!

பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் காற்று, கார் டயருக்கான வேகத்தில் வரும். சைக்கிள் டயரின் கொள்ளளவு அதில் சிறு பங்குதான். கை எடுப்பதற்குள் அளவு தாண்டிவிடும். வேறு வழியில்லை என்றால், அடிப்பவரிடம் எண்ணைத் தெளிவாகச் சொல்லி, விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து உங்கள் கேஜில் சரிபாருங்கள்.

வால்வும் முக்கியம். எம்.டி.பி. சைக்கிள் பலவற்றில் பைக், காரில் இருக்கும் அதே குட்டையான தடித்த வால்வு இருக்கும். இதற்கு ஷ்ரேடர் என்று பெயர். பங்க் காற்று இதற்குத்தான் பொருந்தும். சில சைக்கிள்களில் நீளமான ஒல்லி வால்வு இருக்கும். அது பிரெஸ்டா. அதன் நுனியில் உள்ள குட்டித் திருகைத் தளர்த்தி, ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். அடித்ததும் திருகை இறுக்க மறக்காதீர்கள். பம்ப் வாங்கும்போது உங்கள் வால்வு எது என்று சொல்லி வாங்குங்கள்.

டியூபில் இருக்கும் காற்று, பஞ்சரே இல்லாவிட்டாலும் ரப்பர் வழியாக மெல்ல மெல்லக் கசியும். அதனால் வாரம் ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம். காலை நிழலில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். வெயிலில் நின்ற சைக்கிளில் அளவு கூடுதலாகக் காட்டும். 10 டிகிரி வெப்பம் கூடினால், 30 பிஎஸ்ஐ உள்ள டயரில் சுமார் ஒன்றரைப் புள்ளி ஏறும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையுமே, டயர் உப்பாதா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் அந்த வகையில் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ கூடத்தான் செய்யும். ஆனால், ஊட்டிக் குளிரில் டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி 2 பிஎஸ்ஐ வரை குறைந்துவிடும். ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும்.

புது டயர் வாங்கும்போது...

1. அளவு: '26 டயர் கொடுங்க' என்று கேட்டு வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. நானும் ஒருவன். 26 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. 26 x 1⅜ என்று எழுதிய டயர், 26 x 1.95 எழுதிய எம்.டி.பி. ரிம்மில் உட்காராது. பழைய டயரின் பக்கவாட்டில் '50-559' என்பது போல இரண்டு எண்கள் கோடு போட்டு எழுதியிருக்கும். முதல் எண், டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது எண், ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இந்த இரண்டாவது எண் அப்படியே பொருந்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட மாறக் கூடாது.

எம்.டி.பி. 26 அங்குலம் என்றால் 559. 27.5 என்றால் 584. 29 என்றால் 622. 26 x 1⅜ டயருக்கு 590. தாத்தா சைக்கிளின் 28 x 1½ டயருக்கு 635. ஆமாம், 28 என்று பெயர் வைத்த தாத்தாவின் ரிம், 29 என்று பெயர் வைத்த பேரனின் ரிம்மைவிடப் பெரியது! அதனால்தான் அங்குலத்தை நம்பாதீர்கள், கோடு போட்ட எண்ணை நம்புங்கள் என்கிறேன். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது இன்னும் சுலபம்.

2. அகலம்: அகலமான டயர் பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால், ரிம்முக்கும் ஃபிரேமுக்கும் அது ஒத்துப்போக வேண்டும். ரிம்மின் உள்அகலம் 19 முதல் 21 மில்லிமீட்டர் வரை உள்ள சைக்கிள்களுக்கு 1.95 முதல் 2.25 வரை போதும். 25 முதல் 30 மில்லிமீட்டர் அகல ரிம் என்றால் 2.3 முதல் 2.5 வரை போகலாம். டயர் மாட்டிய பிறகு, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு சுண்டுவிரல் கனமாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் மழையில் சேறு அடைத்துச் சக்கரமே நின்றுவிடும்.

3. பட்டன்: டயரில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டைகளை நம் ஊரில் பட்டன் என்பார்கள். பட்டன் பெரிதாக இருந்தால் நல்ல டயர் என்று நினைப்பது தவறு. எந்தத் தரையில் ஓட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

- தார் ரோடுதான் அதிகம் என்றால்: நடுவில் தொடர்ச்சியான கோடு போல, ஓரத்தில் மட்டும் சின்னப் பட்டன்கள் உள்ள டயர். உருட்ட எளிது, சத்தமும் குறைவு.
- இறுகிய செம்மண், ஊர்ப் பாதை என்றால்: உயரம் குறைந்த, நெருக்கமான பட்டன்கள்.
- குருணைக் கல், சரளைப் பாதை என்றால்: நடுத்தர உயரப் பட்டன்கள், ஓரத்தில் உறுதியான பட்டன் வரிசை. வளைவில் சாயும்போது தரையைப் பிடிப்பது ஓரப் பட்டன்கள்தான்.
- சேறு, கரிசல் மண் என்றால்: உயரமான, இடைவெளி விட்ட பட்டன்கள். நெருக்கமாக இருந்தால் மழைக்காலக் கரிசல் அதில் அப்பிக்கொண்டு டயர் மொழுக்கையாகிவிடும்.

பெரிய பட்டன் டயரோடு ஈரமான தார் ரோட்டில் போகும்போது கூடுதல் கவனம் தேவை. தரையைத் தொடும் ரப்பர் குறைவு. சாயும்போது பட்டன்கள் நெளியவும் செய்யும். வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள் மேல் வளைக்காதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள்.

4. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று: இரண்டு டயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முன்னால் நன்றாகப் பிடிக்கும் டயர், பின்னால் எளிதாக உருளும் டயர் என்று அனுபவசாலிகள் மாட்டுவார்கள். ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நல்ல டயரை முன்னால் மாட்டுங்கள். பின் டயர்தான் சீக்கிரம் தேயும் என்பதால் பலர் புது டயரைப் பின்னால் மாட்டிவிட்டு, மொழுக்கை டயரை முன்னால் விட்டுவிடுகிறார்கள். காரணம் முன்பே சொன்னதுதான். முன் சக்கரம் வழுக்கினால் விழுவோம்.

5. அம்புக்குறி: பல டயர்களின் பக்கவாட்டில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கும். மாட்டியதும் அது சைக்கிள் போகும் திசையில் சுழல்கிறதா என்று பாருங்கள். பஞ்சர் ஒட்டி மாட்டும்போது தலைகீழாக மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும்.

முள்ளும் டியூப்லெஸ்ஸும்

நம் ஊர் மண்பாதையில் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். பஞ்சர் ஒட்டியதும் டயருக்குள் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்காமல் டியூபை மாட்டாதீர்கள். உடைந்த முள் நுனி உள்ளேயே இருக்கும். பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர் ஆகும்.

அடிக்கடி முள் பாதையில் ஓட்டுபவர்கள் டியூப்லெஸ்ஸைப் பற்றி யோசிக்கலாம். மலை சைக்கிளுக்கான டியூப்லெஸ் முறையை மாவிக் நிறுவனம், ஹட்சின்சன், மிஷெலின் டயர் நிறுவனங்களோடு சேர்ந்து 1999-ல் கொண்டுவந்தது. இன்றைய டியூப்லெஸ்ஸில் டயருக்குள் சீலன்ட் என்ற பால் போன்ற திரவம் ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் அது ஓட்டையில் வந்து உறைந்து அடைத்துவிடும். நசுங்க டியூப் இல்லை என்பதால் மேலே சொன்ன அளவுகளில் 3 முதல் 5 பிஎஸ்ஐ குறைத்தும் ஓட்டலாம். ஆனால், ரிம், டயர் இரண்டுமே டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். பார்த்து மறுபடி ஊற்ற வேண்டும். பள்ளிக்கும் டியூஷனுக்கும் மட்டும் போகும் சைக்கிளுக்கு இந்தச் செலவு தேவையில்லை. நல்ல டியூபும் வாரம் ஒருமுறை கேஜும் போதும்.

எப்போது மாற்ற வேண்டும்?

நடுப் பட்டன்கள் தரைமட்டமானால், ஓரப் பட்டன்கள் கிழிந்து தொங்கினால், எங்காவது உள்நூல் வெளியே தெரிந்தால், காற்று அடித்ததும் ஓரிடத்தில் மட்டும் கட்டி போல வீங்கினால் டயரை மாற்றிவிடுங்கள். வீங்கிய டயரோடு ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது. பக்கவாட்டில் நெடுக வெடிப்பு விழுவது வெயிலின் வேலை. மொட்டை மாடியில் நிறுத்தாமல் நிழலில் நிறுத்துங்கள். பரீட்சை நேரத்தில் இரண்டு மாதம் தொடாமல் இருந்தால், காற்று முழுக்க இறங்கி, ரிம்மின் எடை டயரை மடித்து அதே இடத்தில் வெடிக்க வைக்கும். ஓட்டாவிட்டாலும் அவ்வப்போது காற்று அடித்து வையுங்கள்.

மறுபடியும் அதே வளைவு

இந்த வருஷ மே மாதம் மறுபடி ஏலகிரி போனோம். மகன்தான் கேட்டான். அவன் அம்மாவுக்கு விருப்பமே இல்லை. "சைக்கிள் வேணாம், போட்டிங் போயிட்டு வந்துடலாம்" என்று கடைசிவரை சொல்லிப் பார்த்தாள்.

மேலே போனதும் அவனே பம்ப்பை எடுத்தான். முன் டயரில் கேஜ் 25 காட்டியது. கொஞ்சம் காற்றை இறக்கி 24 ஆக்கினான். பின் டயர் 27. முன் டயரும் புதிதுதான். உயரம் குறைந்த பட்டன் போய், ஓரத்தில் உறுதியான வரிசை உள்ளது வந்திருந்தது. நிலாவூர் பாதையில் அந்த வளைவு வந்ததும் நிறுத்தினான். இறங்கி, குருணைக் கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தான். பிறகு ஏறி, மெதுவாக வளைந்து கீழே போய்விட்டான். அவன் அம்மா அதுவரை என் கையைப் பிடித்திருந்தது, விட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டு சைக்கிள்களுக்குக் காற்று பார்ப்பது அவன் பொறுப்பு. அவனுடையது, தங்கையுடையது, எதிர்வீட்டுப் பையனுடையது எல்லாவற்றுக்கும் கேஜ். தாத்தாவின் கறுப்பு சைக்கிளுக்கு மட்டும் கேஜ் கிடையாது. அதன் பழைய ரக வால்வு டியூபில் கேஜ் சரியாகக் காட்டாது. அதற்கு மட்டும் தாத்தாவே வந்து கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார்.

"கல்லு மாதிரி இருக்குடா" என்பார். அந்த டயருக்கு அது சரிதான்.